நோன்பில் பருத்த மாப்பிள்ளை

ரமழான் மாதத்தில் ஒரு மனிதன் மெலியலாம், கறுக்கலாம், காரணமில்லாமல் மனைவியோடு கோபிக்கலாம். எங்கள் ஊர் எல்லாவற்றையும் மன்னிக்கும். பருக்க மட்டும் கூடாது. நான் பருத்தேன்.

தொண்ணூறுகளின் முற்பகுதி. எனக்கு இருபத்தெட்டு வயது. மாவடிப்பள்ளியில் வயல் செய்துகொண்டிருந்த நான், கல்முனையில் கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டுக்கே குடிவந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. மாமி வீட்டில் வாழும் மாப்பிள்ளைக்கு மரியாதை அதிகம், மறைவிடம் குறைவு. எத்தனை இடியப்பம் எடுத்தான், எத்தனை கொட்டாவி விட்டான் என்பதெல்லாம் உடனுக்குடன் குசினிக்குப் போய்ச் சேரும். நானோ இன்னொரு கரண்டி ஆணம் கேட்கவும் வெட்கப்படுகிறவன்.

அந்த நோன்பு தொடங்கும்போதே எனக்குள் ஏதோ பழுதாகியிருந்தது. வெயிலுக்கு ஊரே விசிறிக்கொண்டிருக்க, நான் போர்வையைப் போர்த்திக்கொண்டிருந்தேன். தோல் வாழைச்சருகு மாதிரி வறண்டது. குரல் தவளைக்குரல். யாராவது ஏதும் கேட்டால், பதில் வயல் வரம்பெல்லாம் சுற்றி நடந்து வந்துதான் வாயை எட்டும். பத்து நோன்பு கழிவதற்குள் கலியாணச் சட்டையின் பொத்தானும் துளையும் ஒன்றையொன்று எட்டமுடியாத தூரத்துக்குப் போய்விட்டன.

ஒரு பகல் குசினிக்குள் மாமி என் மனைவி பௌசியாவிடம் கதைப்பது கேட்டது.

"நாமெல்லாம் நோன்பு புடிச்சி எலும்பாகிறம். ஒண்ட மாப்பிள மட்டும் எப்பிடிடி ஊதுறாரு? வயலுக்குப் போற வழியில சாப்பாட்டுக் கட ஏதும் இரிக்கா?"

"மெதுவாக் கதைங்க உம்மா, அவருக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். கேட்டாலும் நாளைக்குத்தானே பதில் வரும்!"

(அவர் கணக்கு சரி. எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.)

மாமியின் மகன் நியாஸ் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தான். உம்மாவின் உத்தரவில் கடையைப் பூட்டிவிட்டு, இரண்டு நாள் சைக்கிளில் என் பின்னால் வயல்வரைக்கும் வந்தான். வெள்ளாமை வெட்டுக் காலம் அது. மூன்றாம் நாள் அறிக்கை கொடுத்தான்.

"மச்சான் ஒண்டும் தின்னல்ல உம்மா. வரம்பில குந்தி நித்திர கொள்ளுறாரு. வேலையும் செய்யல்ல."

சந்தேகம் தீர்ந்ததா? இல்லை. "இவன் பார்க்காத நேரம் தின்டிருப்பாரு" என்றார் மாமி.

அன்று பின்னேரம் பௌசியா என் முன்னால் வந்து நின்றாள். "சத்தியமாச் சொல்லுங்க. நோன்பாத்தானே இரிக்கீங்க?"

ஓம் என்று சொல்லவேண்டும். ஒன்றரை எழுத்து. அது தொண்டைக்கு ஏறி வருவதற்குள் அவள் கண் கலங்கி உள்ளே போய்விட்டாள். நான் அசைந்துகொண்டிருந்த திரைச்சீலையைப் பார்த்து "ஓம்" என்றேன். மாமி சந்தேகப்பட்டது வெட்கமாக இருந்தது. பௌசியாவும் சந்தேகப்பட்டால் அந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது?

என் நோன்பை ஊருக்கே காட்டிவிடுவதென்று தீர்மானித்தேன். அடுத்த நாள் பள்ளிவாசலில் லுஹர் என்ற பகல் தொழுகைக்கு முன்வரிசையில் போய் நின்றேன். கடைசி சுஜூதில் நெற்றி பாயைத் தொட்டது நினைவிருக்கிறது. மற்றதெல்லாம் பிறர் சொல்லித் தெரிந்தவை.

தொழுகை முடிந்தும் நான் எழும்பவில்லை. பக்கத்தில் இருந்த புடவைக்கடை ஹாஜியார், "மாஷா அல்லாஹ், என்ன பேணுதலான புள்ள" என்றாராம். ஐந்து நிமிடம் கழித்து என் கையைத் தொட்டிருக்கிறார். குளிர்ந்திருந்தது. நாடியைப் பிடித்திருக்கிறார். அடுத்த துடிப்பு வருவதற்குள் பயந்து கையை விட்டுவிட்டார்.

"இன்னா லில்லாஹி! சுஜூதிலேயே மவுத்தாப் போயிட்டார். யாருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்!"

யாரோ வீட்டுக்கு ஓடினார்கள். மாமி தெருவுக்கு வந்து தலையில் அடித்து அழுதார். "நோன்போட போயிட்டியே மகனே! ஒரு நோன்பையும் விடாத புள்ளையே!" (நான் நோன்பாளி என்பதற்கு அவர் கொடுத்த முதல் சாட்சி. அதைப் பெற நான் மவுத்தாக வேண்டியிருந்தது.)

அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசலில் நான் குறட்டை விட்டேன். ஹாஜியார் செருப்பு வைக்கும் இடம்வரைக்கும் பாய்ந்தாராம். சத்தத்தில் விழித்தேன். தொழுகை இன்னும் நடக்கிறதென்று நினைத்து நிமிர்ந்து இருந்து, தொழுகையை முடிக்க வலப்பக்கம் திரும்பி ஸலாம் சொன்னேன். இடப்பக்கம் திரும்பியும் சொன்னேன். சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் நடுங்கிய குரலில் பதில் சொன்னார்கள்.

நான் உயிரோடு வீடு வந்ததும் மாமி சாட்சியத்தை வாபஸ் வாங்கினார். "வயிறு முட்டத் தின்டவனுக்குத்தான் இப்பிடி நித்திர வரும்." ஆனால் ஹாஜியார் விடவில்லை. "அந்த நாடி சுகமான மனிசன்ட நாடியில்ல. டாக்டர்ட்டக் காட்டுங்க" என்று வீட்டுக்கே வந்து சொன்னார்.

மறுநாள் பௌசியாவும் மாமியும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டர் அம்மா என் முகத்தைப் பார்த்தார், குரலைக் கேட்டார், சின்னச் சுத்தியலால் காலில் தட்டினார். கால் துள்ளியது, பிறகு திரும்பி இறங்க மறந்து யோசித்துக்கொண்டு நின்றது. பிறகு ஒரு கோப்பைத் தண்ணீரை நீட்டினார்.

"ஒரு மிடறு குடியுங்கோ. விழுங்கும்போது கழுத்தைப் பார்க்கவேணும்."

மீன்காரன் கூடையைப் பூனை பார்ப்பதுபோல மாமி என்னைப் பார்த்தார். என் வாழ்க்கையிலேயே ஆக விரைவான பதில் அப்போதுதான் வந்தது.

"நோன்பு."

"நோயாளி குடிக்கலாம்தானே?"

"ஏலாது டாக்டர். பதினெட்டு நோன்பு வந்திட்டு. இத விடமாட்டன்."

"சரி, எச்சிலை விழுங்குங்கோ."

நான் விழுங்கினேன். என் கழுத்தில் ஒரு வீக்கம் ஏறி இறங்கியதை டாக்டர் பார்த்தார். மாமியும் எச்சிலை விழுங்கினார். பௌசியா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

இரத்தம் கொழும்புக்குப் போய், பெருநாளுக்குப் பிறகு முடிவு வந்ததும் மூவரும் மறுபடி டாக்டரிடம் போனோம். கழுத்தில் தைரொயிட்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். அது இரத்தத்தில் விடும் ஓமோன்தான் உடம்பு சாப்பாட்டை எவ்வளவு வேகமாக எரிக்க வேண்டும் என்று சொல்லுமாம். எனக்கு அது களைத்துவிட்டது. அதனால்தான் குளிர், நித்திரை, மெதுவான நாடி. தின்னாமலே ஊதியது பெரும்பாலும் உடம்பில் தேங்கிய நீராம்.

மாமிக்கு விளங்கவில்லை. நான் வயல்காரன், எனக்கு விளங்கிய மாதிரிச் சொன்னேன். "மாமி, தலைக்குள்ள இன்னொரு சுரப்பி இரிக்காம். அது வயலுக்குத் தண்ணி விடச் சொல்லுற வட்டவிதானை மாதிரி. 'தண்ணியத் தொற, தண்ணியத் தொற' எண்டு கத்துது. கழுத்தில இரிக்கிறவன் மதகடியில படுத்துக் கெடக்கான். வயல் காயுது."

"அவன எழுப்ப ஏலாதா?"

"இல்லயாம். குளிச விழுங்கி நாமளே தண்ணி விடணும். ஒவ்வொரு நாளும், மவுத்துவரைக்கும்."

அந்தச் சுரப்பி வேகமாக ஓடினால் எப்படி என்று பௌசியா டாக்டரிடம் கேட்டாள். எவ்வளவு தின்றாலும் மெலியும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும் என்றார் டாக்டர். மாமி பெருமூச்சு விட்டார். "அது வந்திருந்தா ஊரே ஒங்கள அவுலியா, பெரிய மகான் எண்டிரிக்கும் மகன்."

வரும் வழியில் பௌசியா கேட்டாள். "அண்டைக்கே ஓம் எண்டு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னன். நீ போன பொறகு. திரைச்சீலைக்கிட்ட."

அவள் நடுத்தெருவில் நின்று சிரித்தாள்.

அடுத்த ரமழானில், நோன்பு திறந்து இனிப்பான வட்டிலப்பத்தை வெட்டி வெட்டித் தின்றும் சட்டைப் பொத்தான் ஒழுங்காகப் பூட்டுப்பட்டது. இப்போது நரை வந்துவிட்டது. நோன்பு நாளில் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பியதும் வெறும் வயிற்றில் அந்தச் சின்னக் குளிசையைப் போட மறப்பதில்லை. சுஜூதில் கொஞ்சம் அதிகம் இருந்தால், பக்கத்தில் யார் இருந்தாலும் விலாவில் ஒரு விரல் குத்தும்.

மாமிதான் முற்றாக மாறிப்போனார். யாராவது கொட்டாவி விட்டால் "கழுத்தக் காட்டு" என்பார். ஊர் சிரித்தது. நியாஸின் மனைவி பிள்ளை பெற்ற பிறகு முடி கொட்டி, எழும்ப முடியாமல் கிடந்தபோது, சோம்பல் என்றார்கள். மாமி மட்டும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இரத்தம் கொடுக்க வைத்தார். அவளுக்கும் அதேதான். இன்று அவள் என்னைவிட வேகமாக நடக்கிறாள், நான்கு மடங்கு வேகமாகக் கதைக்கிறாள்.

அந்தக் கதையை வருகிறவர்களுக்கெல்லாம் மாமி சொல்வார். தொடக்கம் எப்போதும் ஒன்றுதான். "என்ட மருமகன் நோன்போட மவுத்தானாரே, அண்டைக்கு..."

வந்தவர்கள் திடுக்கிட்டு, பக்கத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும் என்னைப் பார்ப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து நான் சொல்வேன். "ஓம்."