மருந்துப் பெட்டிக்கு முகூர்த்தம்

திறப்பு விழாக்காரர் என்றொரு இனம் எந்த மண்ணிலும் விளையும். கரிசல் மண்ணில் கொஞ்சம் கூடுதலாகவே விளையும். கிணறு வெட்டினால் தண்ணீர் ஊறுவதற்கு முன்பே மாலைக்குச் சொல்லிவிடுவார், சைக்கிள் கடைக்குக்கூட ரிப்பன் கட்டுவார், தாம்பாளத்தில் ஒரு கத்தரிக்கோலை எப்போதும் தயாராக வைத்திருப்பார், யாராவது பெரிய மனிதர் வந்து தொடாதவரை உலகத்தில் எதுவுமே தொடங்கவில்லை என்று மனதார நம்புவார். கெட்டவரா? இல்லவே இல்லை. கெட்டவராக இருந்தால் ஊர் முன்கூட்டியே உஷாராகி இருக்குமே!

சங்கரன்கோவில் பஞ்சு வியாபாரி சண்முகையாவைப் பாருங்கள். ஐம்பத்தேழாம் வருஷம், கப்பலில் சென்னைக்கு வந்திறங்கிய விஷக்காய்ச்சல் ரயிலேறி இந்த ஊருக்கும் வந்து சேர்ந்தது. தறிகள் நின்றன. டாக்டரே படுத்துவிட்டார். சண்முகையா மட்டும் கம்பீரமாக எழுந்து நின்று காய்ச்சல் நிவாரணக் கமிட்டி அமைத்தார், வசூல் செய்தார், மதுரையிலிருந்து ஒரு பெட்டி நிறைய மாத்திரையும் பெனிசிலினும் வரவழைத்தார். திங்கட்கிழமை பெட்டி வந்தது. வந்த கையோடு அதற்கு ரிப்பன் கட்டி, தம் மண்டியில் வைத்துப் பூட்டினார். வெள்ளிக்கிழமை ஜில்லா அதிகாரி வந்து திறப்பார். அதுவரை யாரும் தொடக் கூடாது.

இடையில் நோட்டீஸ் வேலை. கமிட்டிக்காரர்கள் பதினெட்டுப் பேரில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே? நன்கொடை கூடத் தந்தவரா, வயதில் மூத்தவரா? இருமிக்கொண்டே சண்டை போட்டார்கள். அச்சுக் கோப்பவனும் காய்ச்சலில் விழுந்துவிட்டான் என்று கேள்விப்பட்டபோதுதான் நோயின் கொடுமை சண்முகையாவுக்கு முழுசாக உறைத்தது.

புதன்கிழமை காலை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் தாவீது, நெசவாளி மூக்காண்டியின் மனைவி சுப்புத்தாயை அழைத்துக்கொண்டு மண்டிக்கு வந்தார்.

“அண்ணாச்சி, இவ வீட்டுக்காரனுக்குச் சளி நெஞ்சுல இறங்கிட்டு. ஆஸ்பத்திரியில மருந்து தீந்துபோச்சு. பெட்டியில உள்ள பெனிசிலினைப் போட்டாப் பிழைச்சுக்கிடுவான்.”

“என்ன வே பேசுதீரு? இன்னைக்கே திறந்துட்டா, வெள்ளிக்கிழமை அதிகாரி எதை வே திறப்பாரு?”

“அடிப்பலகையைக் கழத்தி எடுத்துக்கிடுதேன். ரிப்பன் அப்படியே இருக்கும்.”

சண்முகையா ஒரு நிமிஷம் ஆடித்தான் போனார். ஆனால் அவ்வளவு பெரிய மனிதரை அழைத்து, ஏற்கெனவே திறந்த பெட்டியையா நீட்டுவது? நாணயஸ்தர் ஆயிற்றே! சுப்புத்தாய் அழுவதைப் பார்த்து அவருக்கும் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு பென்சிலை எடுத்து, விழாவில் ஊசி பெறுவோர் பட்டியலில் மூக்காண்டியின் பெயரை முதலாவதாக எழுதினார்.

“அழாத தாயி. மொத ஊசி உன் வீட்டுக்காரனுக்குத்தான். மேடைக்குக் கூட்டிட்டு வந்துரு.”

“எந்திரிக்கவே முடியல அண்ணாச்சி, அவுகளால!”

“கட்டிலோட தூக்கிட்டு வாங்க. போட்டோவுக்கும் எடுப்பா இருக்கும்.”

வியாழக்கிழமை சாயங்காலம் மூக்காண்டி செத்துப்போனான். இரண்டு தெரு தள்ளி மருந்து இருந்தது, பூட்டிய பூட்டோடு.

வெள்ளிக்கிழமை பந்தலில் முந்நூறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி வரவில்லை, தந்தி வந்தது. அவருக்கும் காய்ச்சலாம். விழாவை ஒரு வாரம் தள்ளிவைப்பதாகச் சொல்ல சண்முகையா வாயெடுப்பதற்குள், தாவீது கடப்பாரையோடு மேடையேறிப் பெட்டியைப் பிளந்துவிட்டார்.

“செல்லாது வே! இப்படித் திறந்தது செல்லாது!” என்று கத்தினார் சண்முகையா. மருந்துக்கு நின்ற வரிசையில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதோடு ஒடுங்கிப்போகிற இனமா அது? மறுவாரமே மூக்காண்டிக்கு இரங்கல் கூட்டம் ஏற்பாடு செய்தார். நோட்டீஸ் அழகாக வந்திருந்தது. பதினெட்டுப் பெயர்களும் வரிசை பிசகாமல் இருந்தன. மூக்காண்டியின் பெயர்தான் இடம் போதாமல் விட்டுப்போயிருந்தது. ஊரில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. சுப்புத்தாய்க்கோ எழுத்துத் தெரியாது.

சிரிக்கிறீர்களா? நல்லது. நீங்களும் ஏதாவது ஒரு சங்கத்தில் இருப்பீர்கள். அதன் நோட்டீஸ் அடுத்த முறை கைக்கு வரும்போது, கண் முதலில் எங்கே ஓடுகிறது என்று கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரைக் கண்டுபிடித்த பிறகும், கூட்டம் யாருக்காக என்று படித்துப் பார்க்கிற பழக்கம் உண்டா?