இருபத்தொன்பது பல்லுக்கு ஒரு ரசீது

எண்ணூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் உள்ள மொத்த ஜனத்தொகையில், போலீஸ் ஸ்டேஷனுக்குள் போகிற மனிதனுக்கு ரசீது கேட்ட ஒரே ஆள் டேலி நைனாதான். புகாருக்கு ரசீது கேட்பவர்கள் உண்டு, பிடித்து வைத்த வண்டிக்குக் கேட்பவர்கள் உண்டு. ஆளுக்கே ரசீது கேட்டவர் இவர் ஒருவர்தான். அதுவும் பல் எண்ணிக்கையோடு.

எந்த ஸ்டேஷன் என்று எழுத மாட்டேன். நாகரிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான காரணம், அதற்கு எதிர்ச் சந்தில்தான் என் மளிகைக் கடை இருக்கிறது. இந்தப் பக்கத்தில் வாரா வாரம் வீரமாக எழுதுகிறவன் கடையில் எப்படி இருப்பான் என்று உங்களுக்குத் தெரியாது. ஏட்டய்யா ஒருவர் தீப்பெட்டி கேட்டால்கூட நான் எழுந்து நின்று இரண்டு கையாலும் கொடுப்பேன்.

டேலி நைனாவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று தெருவில் யாருக்கும் தெரியாது. ஹார்பரில் முப்பது வருஷத்துக்கு மேல் டேலி கிளார்க்காக இருந்தவர். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணி, எந்த மூட்டை கிழிந்திருக்கிறது, எந்த டிரம் நசுங்கியிருக்கிறது என்று தாளில் குறித்து, வாங்கிக்கொள்கிறவனிடம் கையெழுத்து வாங்குகிற வேலை. ரிட்டயர் ஆன அன்று போட்ட மாலையில் எத்தனை பூ வாடியிருந்தது என்று குறித்துக்கொண்டு வந்ததாகச் சொல்வார்கள். நான் நம்புகிறேன்.

வேலை முடிந்த பிறகும் தாளும் கார்பனும் அவரை விடவில்லை. பேத்தியை ஸ்கூல் வேனில் ஏற்றும்போது, "வலது முட்டி சிராய்ப்பு, பழசு. வாட்டர் பாட்டில் ஒண்ணு, மூடியோட" என்று எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்குவார். அவர் மனைவிக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் ஆனபோது, எடுத்த கல்லை எண்ணிக் காட்டச் சொன்னார். ஸ்கேனில் ஐந்து, கிண்ணத்தில் நாலு. அந்த ஒரு கல்லுக்காக மூன்று நாள் டாக்டர் ரூம் வாசலை விட்டு நகரவில்லை.

கேட்டால் ஒரே பதில்தான். "சரக்கு கை மார்ற எடத்துல எளுதிக்கணும் அண்ணாச்சி. இல்லாங்காட்டி அப்பால நீ ஒடச்சியா நான் ஒடச்சேனான்னு ஒரே பேஜாரு." எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டது. அதனால் என்னைவிட இருபது வயது மூத்தவருக்கும் நான் அண்ணாச்சிதான்.

இந்தப் பழக்கம் போலீஸ் பக்கம் திரும்பியது ஏழுமலையால். அவன் விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவன். யாரோ ஒருவருடைய செல்போன் காணவில்லை என்று, "சும்மா விசாரிக்க" காலையில் கூட்டிப்போனார்கள். சாயங்காலம் வலது கையில் மாவுக்கட்டோடு திரும்பினான். ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டானாம். மறுநாள் அந்த செல்போன், தொலைத்தவர் வீட்டு அரிசி டிரம்முக்குள்ளேயே அடித்தது.

இந்த இடத்தில் என் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்தின வாரம்தான், கையில் கட்டோடு யாரோ நாலு பேர் வரிசையாக நிற்கிற படத்தை, 'பாத்ரூம் வழுக்கும், ஜாக்கிரதை' என்று எழுதி, ஆறு வாட்ஸ்அப் குரூப்புக்கு அனுப்பியிருந்தேன். கூடவே சிரிக்கிற முகம் மூன்று. ஏழுமலை கடைக்கு வந்து இடது கையால் சில்லறையைப் பொறுக்கியபோது எனக்கு என்னவோ போலத்தான் இருந்தது. ஆனாலும் டீக்கடையில் பேச்சு வந்தபோது, "ஏதாச்சும் பண்ணியிருப்பான். தப்பு பண்ணாதவனுக்கு என்ன பயம்?" என்று சொன்னவனும் நான்தான். டீ மாஸ்டர் முதற்கொண்டு எல்லோரும் தலையாட்டினார்கள்.

டேலி நைனா மட்டும் டீயைக் கீழே வைத்தார்.

"பாத்ரூமு வழுக்குதுன்னு போலீஸே சொல்லுது. அப்ப அத்த சரி பண்ண வேணாமா?"

நேரே என் கடைக்கு வந்து, தேய்க்கிற பிரஷ் ஒன்றும் பிளீச்சிங் பவுடர் இரண்டு பாக்கெட்டும் வாங்கினார். வீட்டுக்கு என்று நினைத்தேன். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் ஸ்டேஷனைப் பார்த்து நடந்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. ஓடிப்போய் அவரை நிறுத்தி, பிரஷில் ஒட்டியிருந்த என் கடை ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துக்கொண்டு வந்தேன். அந்தப் போராட்டத்தில் என் பங்கு அவ்வளவுதான்.

உள்ளே ஸ்டேஷன் ரைட்டர் நிமிர்ந்து பார்த்திருக்கிறார். "யாருய்யா நீ, எங்க போற?"

"பாத்ரூமுக்கு சார்."

"அவசரமா?"

"அவசரம்தான் சார். ஜனங்க வுழுந்துகினே கீறாங்க. தேய்ச்சு வுட்டுட்டுப் போய்டறேன்."

விரட்டி விட்டார்கள். மறுநாளும் பிரஷோடு போனார். மூன்றாம் நாள், ஸ்டேஷன் பாத்ரூமுக்குச் சொரசொரப்பான டைல்ஸ் போட வேண்டும் என்று மேலே மனு கொடுத்துவிட்டார். மனு எங்கெங்கோ சுற்றி, 'பாத்ரூம் வழுக்குகிறதா, விளக்கம் தரவும்' என்று ஸ்டேஷனுக்கே வந்து சேர்ந்தது. வழுக்குகிறது என்று எழுதினால் தரையைப் பார்க்க ஆள் வருவார்கள். யோசித்து யோசித்து, 'வழுக்கவில்லை, தரை நல்ல நிலையில் உள்ளது' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். டேலி நைனா அந்தப் பதிலின் நகலை வாங்கி, லேமினேட் செய்து, டீக்கடையில் மாட்டினார். அதற்குப் பிறகு எங்கள் ஸ்டேஷன் பாத்ரூமில் யாரும் வழுக்கி விழவில்லை.

ஆனால் படிக்கட்டு இருக்கிறதே என்று அவர் விடவில்லை. யாரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டாலும் கேட்டுக்கு வெளியே, தாளும் கார்பனும் செருகிய பேடோடு நிற்க ஆரம்பித்தார். சட்டையைக் கழற்றச் சொல்லி, தழும்பு, காயம், பல் எல்லாவற்றையும் குறித்து, ஒரு நகலை ரைட்டரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துக் கேட்பார்.

"யோவ், இது ஸ்டேஷனா ஹார்பரா?"

"போட மாட்டேன்னா பரவால்ல சார். 'பெறுபவர் கையெழுத்திட மறுப்பு, மணி பத்து நாப்பது'ன்னு எளுதிக்கறேன். அதுவும் ஒரு என்ட்ரிதான்."

தாளின் அடியில் சாட்சிகளுக்கு இரண்டு கோடு. ஏழுமலை, கட்டுப் பிரித்த நாளிலிருந்து, கரையில் இருந்தால் ஒரு தாள் விடாமல் போடுவான். இரண்டாவது கோட்டுக்குத் தாளை நீட்டும்போதெல்லாம் டீ மாஸ்டருக்குப் பால் பொங்கும். எனக்கு விரல் சுளுக்கிக்கொள்ளும். 'பார்த்தவர் பலர், ஒப்பமிட்டவர் ஒருவர்' என்று எழுதி நைனா முடித்துக்கொள்வார்.

என் முறையும் வந்தது. வண்ணாரப்பேட்டைக் கடை ஒன்றில், பொங்கலுக்கு இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம் என்று நீலக் கட்டம் போட்ட சட்டை விற்றார்கள். எங்கள் தெரு ஆண்கள் பாதிப் பேர் நீலக் கட்டம் ஆனோம். பின் தெருவில் ஒரு தண்ணீர் மோட்டார் திருடு போனது. கேமராவில் முகம் விழவில்லை, நீலக் கட்டம் விழுந்திருந்தது. சட்டை சட்டையாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். தப்பு பண்ணாதவனுக்கு என்ன பயம் என்று கேட்டவன் அன்று காலை நாலு தடவை பாத்ரூம் போனேன். வீட்டுப் பாத்ரூம்தான்.

நான் பத்திரிகையில் எழுதுகிற ஆள், நடுரோட்டில் சட்டையைக் கழற்ற முடியுமா? பின் சந்து வழியாகப் போனேன். கேட்டில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

"சட்டைய கழட்டு அண்ணாச்சி."

"வேண்டாம் நைனா. நான் கொஞ்சம் கௌரவமான ஆளு."

"அத்தயும் எளுதிக்கறேன். கழட்டு."

மீன் வாங்க வந்த பெண்கள் எல்லாம் பார்க்க, ஊருக்கே கேட்கும்படி அவர் சொல்லிச் சொல்லி எழுதினார். "தொப்பை ஒண்ணு, பழசு. பனியன்ல ஓட்டை நாலு, வரும்போதே கீது. தலமயிரு கறுப்பு, சாயம். வாயத் தொற. இருபத்தொம்போது, மூணு காலி." பத்து வருஷமாக நான் காப்பாற்றிய ரகசியங்கள் இரண்டு நிமிஷத்தில் முடிந்தன. கடைசியில் குனிந்து என் காலைப் பார்த்தார். "நடுங்குது. எளுதிக்கறேன். அப்பால அவங்கதான் நடுங்க வெச்சாங்கன்னு சொல்லக் கூடாது பாரு."

சாட்சிக் கையெழுத்து. டீ மாஸ்டருக்குப் பால் பொங்கியது. ஏழுமலை வந்து, கொஞ்சம் கோணலாகச் சேர்ந்திருந்த அந்தக் கையால் பேனாவை வாங்கினான்.

"ஏழுமலை, அன்னைக்கு உன்னப் பத்தி நான் ஒரு வார்த்தை..."

"தெர்யும் அண்ணாச்சி. டீ மாஸ்டரு அன்னிக்கே சொல்ட்டாரு. உள்ளார போ, டைமாவுது."

உள்ளே ஒரு கான்ஸ்டபிள், "மோட்டார எங்கடா வித்த?" என்றார். அந்தச் சத்தத்துக்கு நான் எதையும் ஒப்புக்கொள்ளத் தயாராக இருந்தேன். "எந்த மோட்டார் வேணும்னு சொல்லுங்க சார், வாங்கித் தந்துடறேன்" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. சத்தியமாகப் பணிவாகத்தான் சொன்னேன். அவருக்கு அது திமிராகக் கேட்டது. கை ஓங்கினார்.

ரைட்டர் தலையைத் தூக்காமலே சொன்னார். "யோவ், கைய எறக்கு. அந்தாளோட பல்லக்கூட எண்ணி அனுப்பியிருக்கானுங்க."

ஓங்கின கை பாதி வழியில் நின்று, அவர் தலையையே சொறிந்துகொண்டு இறங்கியது. வெளியிலிருந்து டேலி நைனாவின் குரல் வந்தது. "பதினொண்ணேகாலு. அண்ணாச்சி உள்ளாரதான் கீறாரு." கால் மணிக்கு ஒரு தடவை அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்கு, கேமராவில் இருப்பது முழுக்கை, என்னுடையது அரைக்கை என்று கண்டுபிடித்து அனுப்பிவிட்டார்கள். வெளியே நைனா என் வாயைத் திறக்கச் சொல்லி எண்ணி, 'சேதமில்லை' என்று எழுதினார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நல்ல சர்டிபிகேட் அது ஒன்றுதான்.

பிறகு புதிதாக ஒரு எஸ்.ஐ. வந்தார். அவருக்கு இந்தத் தாள் விவகாரம் பிடிக்கவில்லை. அரசு ஊழியரை வேலை செய்ய விடாமல் தடுத்தார் என்று சம்மன் அனுப்பினார். அதில் இருந்த பெயரைச் சொல்லி கான்ஸ்டபிள் விசாரிக்க, அப்படி ஒருத்தர் இங்கே கிடையாது என்று தெருவே உண்மையாகச் சத்தியம் செய்தது. இரண்டு நாள் அவர் திரும்பிப் போனார். மூன்றாம் நாள், "அது நான்தான் சார்" என்று டேலி நைனாவே போய் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு என் கடைக்கு வந்து பேடை நீட்டினார்.

"இன்னிக்கு சரக்கு நானு. நீ எளுது."

"நானா? ஏழுமலை இருக்கானே."

"அவன் சாட்சி. எளுதறவன் வேற, சாட்சி வேற. உனுக்குத்தான் எளுத வருமே."

விரல் சுளுக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் சட்டையைக் கழற்றி, மடித்து, பருப்பு மூட்டை மேல் வைத்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

அவரைச் சட்டையில்லாமல் நான் பார்த்தது அன்றுதான். விலா எலும்பு ஒவ்வொன்றும் வெளியே தெரிந்தது. இந்த உடம்பை நம்பியா நாங்கள் இத்தனை பேர் உள்ளே போய் முழுசாக வந்தோம் என்று நினைத்தேன். கண் மங்கி, தாளில் கட்டமே தெரியவில்லை. இவர் மேல் ஒரு கை விழுந்தால் தாங்க மாட்டார் என்கிற பயம்தான் வந்தது. எனக்காக இல்லாமல் நான் பயந்தது அதுதான் முதல் தடவை.

"இன்னா பாத்துகினு கீற? பல்லு எளுது. மேல பதினொண்ணு. கீள செட்டு, கழட்டற சரக்கு, தனியா போடு."

எழுதினேன். ஏழுமலை கையெழுத்துப் போட்டான். டீ மாஸ்டர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து இரண்டாவது கோட்டில் போட்டார்.

அவர் உள்ளே போனதும் கேட்டுக்கு வெளியே நான் நின்றேன். பத்தே முக்காலுக்குக் கத்த வேண்டும். வாட்சைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். பதினொரு மணிக்கு ஏழுமலை என்னைப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு, "பதினொண்ணு. நைனா உள்ளாரதான் கீறாரு" என்று கத்திவிட்டேன். திருநெல்வேலிக்காரன் வாயில் ராயபுரம் எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அதற்கப்புறம் நிறுத்தவில்லை. ஏட்டய்யா ஒருவர் எட்டிப் பார்த்து முறைத்தார். அவரைப் பார்த்துக்கொண்டே பதினொன்றே முக்கால் சொன்னேன்.

ஒரு மணிக்கு ரைட்டரே வாசல் வரை கூட்டி வந்தார். "அண்ணாச்சி, உங்க சரக்கு. எண்ணி எடுத்துக்கங்க." உள்ளே எஸ்.ஐ. நீளமாக எச்சரித்திருக்கிறார். ஆரம்பித்த நேரம், முடித்த நேரம் இரண்டையும் நைனா மனதில் குறித்துக்கொண்டு வந்திருந்தார்.

எண்ணினேன். சரியாக இருந்தது. 'சேதமில்லை' என்று எழுதி நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நடுரோட்டில் நின்று, காலையில் நான் எழுதியதை வரி வரியாகப் படித்தார்.

"எடது காதுக்குப் பின்னால ஒரு மரு கீது. எங்க எளுதிக்கீற?"

"கவனிக்கல நைனா."

"எடது கால் கட்டைவெரல்ல நகம் இல்ல. அத்தயும் காணோம். ஹார்பரா இருந்தா உன்ன ஒரு நாளு வெச்சிருக்க மாட்டான் அண்ணாச்சி."

திட்டிக்கொண்டே முன்னால் நடந்தார். நான் பின்னாலேயே போனேன். போகிற வழியில், அவருக்குத் தெரியாமல், இரண்டு கை, இரண்டு கால், தலை என்று மறுபடியும் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.