ஒத்துழைக்காத கடல்

அரசாங்க வேலையில் அறிவு இருந்தால் தவறில்லை. வெளியே காட்டுவதுதான் தவறு. போர்ட் பிளேர் ஜெட்டி மேம்பாட்டு அலுவலகத்தின் ஜூனியர் இன்ஜினியர் டெர்வினுக்கு இது ஒன்றுதான் புரியவில்லை. கடல் எப்போது வற்றும், எந்தப் படகுக்கு எவ்வளவு ஆழம் வேண்டும் என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம்.

லாங் ஐலண்டு தீவில் படகுகள் அணையக் கட்டப்போகும் புது ஜெட்டியின் வரைபடத்தைப் பார்த்தவுடனே, நிறைந்த கூட்டத்தில் சொன்னார்.

"சாப், நீளம் பத்தாது. தண்ணி வத்துனா படகு சேத்துல உக்காந்துரும்."

வரைபடம் பெரிய இன்ஜினியர் கிருஷ்ணமூர்த்தி வரைந்தது. அந்த ஆண்டு டெர்வினைப் பற்றி, 'ஒத்துழைக்கும் மனப்பான்மை இல்லை' என்று மேலிடத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. ஜெட்டியின் நீளத்தைப் பற்றி எதுவும் தெரிவிக்கப்படவில்லை. பதவி உயர்வு அவருக்குப் பின்னால் சேர்ந்த சந்திரமோகனுக்குப் போனது. கடல் உப்புக் கரிக்கும் என்பதற்கு மேல் சந்திரமோகனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எதைக் கேட்டாலும், "ஹோ ஜாயேகா சாப்" என்று சிரிப்பார். ஆகிவிடும் என்று பொருள். தீவுகளில் ஆகாத காரியமெல்லாம் இந்தச் சொல்லில்தான் தொடங்கும்.

டாலிகஞ்ச் வீட்டில் மனைவி ஜோஸ்லின் கரித்துக்கொட்டினாள். அவள் பிறந்த ஊரே லாங் ஐலண்டுதான்.

"உங்களுக்கு மூளை இருக்கு, மூஞ்சிதான் இல்ல. இதமா ரெண்டு வார்த்தை பேசுனா வாயிலருந்து முத்து உதுந்துருமா?"

அந்த நேரம் பார்த்து, இதமாகப் பேசக் கற்றுத்தரும் சாஃப்ட் ஸ்கில் பயிற்சி அலுவலகத்துக்கு வந்தது. மெயின்லாண்டிலிருந்து ஷீலா மேடம் விமானத்தில் கொண்டுவந்தார்.

"வீடு தீப்பிடிச்சா என்ன சொல்வீங்க?"

"தீன்னு கத்துவேன்," என்றார் டெர்வின்.

"அது எதிர்மறை. 'வீட்டுல இன்னைக்கு நல்ல வெளிச்சம்'னு ஆரம்பிக்கணும்."

கெட்டிக்காரர் அல்லவா, மொத்தத்தையும் கரைத்துக் குடித்துவிட்டார்.

ஜெட்டி திறப்பு விழா அன்று, அதிகாரிகளும் மனைவிமாரும் படகில் ஏறிய பிறகு கிருஷ்ணமூர்த்தி கேட்டார். "என்ன டெர்வின், ஜெட்டி வரைக்கும் போயிரும்ல? உன் பிரமோஷன் என் கையெழுத்துக்குத்தான் காத்திருக்கு."

இன்று போய்ச் சேரும்போது தண்ணீர் வற்றியிருக்கும் என்று டெர்வினுக்குத் தெரியும். நெஞ்சு உறுத்தியது. முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார்.

"ஹோ ஜாயேகா சாப்."

கையெழுத்து விழுந்தது. ஜெட்டியில் மாலையோடு நின்றவர்களின் முகம் தெரிகிற தூரத்தில் படகும் சேற்றில் விழுந்தது.

"இது முன்னாடியே தெரியுமா?" என்றாள் ஜோஸ்லின்.

"தெரியும்."

"அப்ப ஏங்க சொல்லல?"

"இப்பதான் எனக்கு மூஞ்சி வந்துருச்சே."

ஜோஸ்லின் புதுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கி, பிறந்த ஊரைப் பார்த்து நடந்தாள். டெர்வினுக்கு அழுகை வந்தது. பயிற்சி பெற்றவர் என்பதால் சிரித்தார்.

"இதுக்கு யார் பொறுப்பு?" என்று உறுமினார் கிருஷ்ணமூர்த்தி.

"கடல்தான் சாப்," என்றார் டெர்வின் இதமாக. "அதுக்கு ஒத்துழைக்கும் மனப்பான்மை இல்ல."

படகே கைதட்டியது. கடலுக்கும் கேட்கட்டும் என்று, அடுத்த பயிற்சியைக் கடற்கரையிலேயே நடத்துவதென்று அங்கேயே தீர்மானமும் ஆனது.

ஜெட்டியிலிருந்து ஊர்க்காரர்கள் கத்தினார்கள். "சாப், எங்க ஊருக்குப் படகு எப்ப வரும்?"

"ஹோ ஜாயேகா," என்றது சேற்றில் இருந்த அரசாங்கம், ஒரே குரலில்.

இவ்வளவு மரியாதையாக யாரும் அவர்களுக்குப் பதில் சொன்னதில்லை. மாலையை ஜெட்டித் தூணுக்கே போட்டுவிட்டு, திருப்தியாக வீட்டுக்குப் போனார்கள்.