மின்விசிறி வதைப் படலம்

திருகினான்! கலூர் மூன்றாம் மாடியின் ஏசிக் குகையில், இரு செவிக்கும் கவசம் பூண்டு, மவுஸ் என்னும் வேலேந்தி, திரையிலிருந்த ஒலிக்குமிழை இமை கொட்டாது திருகினான் படத்தின் ஒலிக்கலவைக் கலைஞன் சனூப். கேபிள் கானகத்தின் ஏகச் சிங்கம், இரைச்சல் குலத்துக்குக் காலன், "எந்தச் சத்தமும் என் கையிலிருந்து தப்பாது" என்று டீக்கடைதோறும் முழங்கிக் கொச்சி மாநகரையே களைப்படையச் செய்த வாய்ப்பெருவீரன். வாழ்க அவன் செவி!

பகைவனோ, ஒரு மின்விசிறி. படப்பிடிப்பு வீட்டில் யாரோ அணைக்க மறந்த அந்தக் கிழட்டு விசிறியின் 'கிர்ர்ர்', சாகும் தாய் மகளை அழைக்கும் "மோளே" என்ற ஒற்றைச் சொல்லின் அடியில், தாமரைக்கடியில் முதலைபோல் பதுங்கிக் கிடந்தது. மாலைக்குள் படம் விழாவுக்குப் போயாக வேண்டும். முதுகுக்குப் பின்னிருந்து இயக்குநர் லிஸியின் ஆணை பிறந்தது.

"ஃபேன் போகணும், மோளே இருக்கணும். முடியலேன்னா சொல்லு மோனே. திருப்பூணித்துறைல ஜிதேஷ் சும்மாத்தான் இருக்கான். டைட்டில்ல அவன் பேரைப் போட்டுக்கறேன்."

ஜிதேஷ்! நேற்று வரை தன்னிடம் கேபிள் சுற்றியவன்! அப்பெயர் காதில் ஈயமாய் இறங்க, நம் வீரன் நாய்ஸ் கேட் என்னும் வாயிற்காவலனை ஏவினான். வரம்புக்குக் கீழே முனகுவோர் எவரையும் வெளியே தள்ளிக் கதவடைக்கும் முரடன் அவன். தள்ளினான், விசிறி மாண்டது. மூச்சாய்த் தேய்ந்த "ளே"யும் கதவிடுக்கில் நசுங்கி மாண்டது.

"மோ" என்றாள் தாய். அவ்வளவுதான்.

"நோய் கொல்றதுக்குள்ள நீ கொன்னுட்டியேடா!"

வரம்பைத் தாழ்த்தினான், விசிறி உயிர்த்தெழுந்தது. உயர்த்தினான், தாய் மறுபடி செத்தாள். முரடனைத் துரத்திவிட்டு, கதவை அறையாமல் மெலிந்த ஒலியை மேலும் மெலியச் செய்யும் மென்னடைத் தளபதி எக்ஸ்பாண்டரை அழைத்தான். அவனில்லாமல் எப்படியிருக்கிறது என்று ஒப்பிட, படையை ஓரங்கட்டி அசலை அப்படியே ஒலிக்கவிடும் பைபாஸ் பொத்தானை அழுத்திக் கேட்டான், பல்லைக் கடித்தான், மீண்டும் களம் புகுந்தான்.

அதன்பின் நிகழ்ந்த போரை யாரால் பாட முடியும்? மயிரிழை முன்னேறி, அரை மயிரிழை பின்வாங்கி, நெற்றி வியர்வை ஏசியையே நாணச் செய்ய, ஆறிய பழம்பொரி ஈக்களுக்கு விருந்தாக, ஒரே சொல்லை உலகம் சலிக்கும்வரை ஒலிக்கவிட்டுச் சுழன்றான் சுழன்றான், அப்படிச் சுழன்றான்!

"இன்னும் கொஞ்சம்... ஐயோ ஜாஸ்தி... பின்னாடி வா... நில்லு! நில்லுடா! ரூமே அமைதியாயிடுச்சு!"

"'ளே' கேக்குதா சேச்சி?"

"அழுகையே வருதுடா. உன் காது தங்கம்! கை வைக்காதே, அனுப்பு!"

படம் பறந்தது. டைட்டிலில் பெயர் நிலைத்தது. வெற்றித் திருமகளின் மாலை கழுத்தில் கனக்க, நாற்காலியை அரியணையாக்கிச் சாய்ந்த சனூப், அந்தப் பொன்னான அளவுகளைத் திரையோடு படமெடுத்து, 'கத்துக்கோ' என்ற ஒற்றைச் சொல்லோடு ஜிதேஷுக்கு அனுப்பினான்.

உடனே பதில் வந்தது.

"சேட்டா, பைபாஸ் ஆன்ல இருக்கு."