நாற்பது நிமிஷம் வழுக்கிய பஸ்

உலகத்தில் நேரத்தை வீணாக்கியவர்கள் கோடிப் பேர் இருப்பார்கள். நேரத்தைக் கீழே தள்ளி, அதன்மேல் பஸ்ஸையும் ஏற்றிக்கொண்டு போனவர் ஒரே ஒருவர்தான். அவர் ஓசூர்–பேரிகை பஸ்ஸின் டிரைவர். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்கள் ஷெட்டில் அவருக்கு ‘ஸ்பானர்’ என்றுதான் பெயர். ஒரு முழ நீளத்துக்கு இரும்பு ஸ்பானர் ஒன்று எப்போதும் அவர் கையில் இருக்கும். டீக்கடைக்கு இரண்டு பேருமாகப் போனால் கிளாஸுக்குப் பக்கத்தில் ஸ்பானர். கோயிலுக்குப் போனால் செருப்பை வெளியே விடுவார், ஸ்பானரை விடமாட்டார். ஒருமுறை பூசாரி விபூதி கொடுக்கக் கை நீட்டச் சொன்னபோது ஸ்பானரை நீட்டிவிட்டார். பூசாரியும் பழக்கதோஷத்தில் அதற்கு விபூதி பூசி அனுப்பினார்.

ஐம்பதுகளின் நடுவில் நான் அந்த பஸ்ஸின் கண்டக்டர். வயது இருபத்திரண்டு. சொந்த ஊர் மத்தூர்ப் பக்கம். தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. எங்கள் பஸ்ஸில் வருகிறவர்களோ ஏறும்போது தெலுங்கு, உட்காரும்போது கன்னடம், சண்டை போடும்போது மட்டும் தமிழ். நடுவில் நான் திருதிருவென்று விழித்துக்கொண்டு விசில் ஊதுவேன். போதாததற்கு நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. தும்மினால்கூட எதற்குத் தும்மினோம் என்று அரை நாள் யோசிப்பேன். மத்தூரில் எனக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். அந்தச் சந்தோஷத்தை மட்டும் அடக்க முடியாமல், வேலைக்குச் சேர்ந்த அன்றே பஸ் பூராவுக்கும் சொல்லிவிட்டேன்.

முதல் பத்து நாள் டிரைவருக்கும் எனக்கும் பேச்சே இல்லை. டிரைவர் என்றால் அப்படித்தான் கெத்தாக இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பதினோராவது நாள் காலையில்தான் அந்தச் சமாசாரம் நடந்தது.

பேரிகையிலிருந்து கிளம்பி பாகலூரைத் தாண்டினால் ஒரு வளைவு, வளைவில் ஒரு புளியமரம். மணி ஒன்பது பத்து. நான் படிக்கட்டுப் பக்கம் நின்று கொத்தமல்லிக் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினாலு வரை எண்ணினேன். பதினைந்து என்று வாயைத் திறக்கப் போனால், நான் முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்! சட்டை நனைந்திருந்தது. உடம்பு அடித்துப் போட்ட மாதிரி வலித்தது. கையில் டிரைவருடைய ஸ்பானர். என் வாட்ச் ஒன்பது ஐம்பது காட்டியது. பஸ் அதே புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. பிரயாணிகள் எல்லோரும் ஜன்னல் வழியாக வெளியே எதையோ அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே கொள்ளுக்காட்டைத் தவிர ஒன்றும் இல்லை.

“என்னண்ணா ஆச்சி?” என்றேன். நாக்கு குழறியது.

டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, மழை வருகிறது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்: “காலம் வழுக்கிருச்சி தம்பி.”

“காலமா?”

“ஆமா. எனக்கு இது அடிக்கடி ஆவும். இன்னிக்கி உன்னையும் சேத்து இழுத்துக்கிச்சி. பயப்படாத. கையில இரும்பு இருந்தாப் போதும். இல்லன்னா ஆளு அப்பிடியே முந்தாநாளைக்குப் போயிருவான். போனா, திரும்பி வர்றதுக்கு பஸ் கெடையாது.”

அன்றோடு அவர் வாய் திறந்தது, மூடவே இல்லை. செவ்வாய்க்கிழமை ஓசூரில் கிளம்பித் திங்கட்கிழமை பேரிகையில் போய் இறங்கிய கதை. ஒரு வளைவில் தன்னையே எதிரில் பஸ் ஓட்டி வரப் பார்த்து, ‘லைட்ட டிம் பண்ணுடா’ என்று தன்னையே திட்டிய கதை. இன்னொரு தடவை ஓசூரை நெருங்கும்போது காலம் ரொம்பத் தூரம் வழுக்கி, ரோட்டோரம் பூராவும் புகைபோக்கியும் சங்கு ஊதுகிற ஆலைகளும் வாசலில் ஆயிரக்கணக்கான ஆட்களுமாக இருந்ததாம். ஷெட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கொள்ளும் ராகியும் விளைகிற மேட்டில் எவன் வந்து ஆலை கட்டுவான்? அவர் விட்ட அத்தனை கதைகளையும் மன்னித்துவிட்டேன், இதை மட்டும் மன்னிக்க முடியவில்லை. பாவி மனுஷன், இது பலித்துவிட்டது!

மறுநாள் முதல் பஸ்ஸில் புதுச் சட்டங்கள் வந்தன. கண்டக்டர் படியில் தொங்கக் கூடாது. படிக்கட்டுக்குக் குறுக்கே எப்போதும் கயிறு கட்டியிருக்க வேண்டும். “வழுக்குனா யாரும் வெளிய விழக் கூடாதில்ல?” என்றார். சேலம் ஜில்லாவிலேயே மாட்டுத் தொழுவம் மாதிரி கயிறு கட்டிய பஸ் எங்களுடையதுதான். ஜூஜுவாடி போகிற பஸ்ஸின் கண்டக்டர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் “ம்மா...” என்று கத்திவிட்டுப் போவான்.

நீங்கள் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சோறு இறங்கவில்லை. அந்த நாற்பது நிமிஷம் நான் எங்கே இருந்தேன்? என்ன செய்தேன்? யாரையாவது ஏதாவது சொல்லிவிட்டேனா? ஒன்று டிரைவருக்குப் பைத்தியம், இல்லை எனக்குப் பைத்தியம், இரண்டும் இல்லை என்றால் காலத்துக்கே பைத்தியம். மூன்றில் எதுவாக இருந்தாலும் அந்த பஸ்ஸில்தான் நான் தினமும் போயாக வேண்டும். புளியமரம் நெருங்கினாலே படிக்கட்டுக் கயிற்றை இறுகப் பிடித்துக்கொள்வேன்.

சரி, பரீட்சை பண்ணிப் பார்த்துவிடுவோம் என்று ஒரு நோட்டுப் போட்டேன். மைல்கல்லுக்கு மைல்கல் மணி எழுதினேன். ஒரு மாசம் கழித்து இரண்டாவது தடவை வழுக்கியபோது, ஒன்பது பன்னிரண்டு என்று எழுதியதோடு என் எழுத்து நின்று, பேனா பக்கத்தின் ஓரம் வரைக்கும் ஒரு கோடு இழுத்திருந்தது. பிரயாணிகளை விசாரித்தேன். பேரிகை எல்லம்மாக்கா தினமும் கொத்தமல்லிக் கூடையோடு வருகிறவர். பேச ஆரம்பித்தால் பஸ் சத்தமே கேட்காது. அவர்கூட, “ஆமாப்பா, வழுக்கிச்சி, வழுக்கிச்சி” என்று சொல்லிவிட்டுக் கூடையைச் சரிபண்ண ஆரம்பித்துவிட்டார். பின் சீட்டுப் பெரியவர் “ஹௌதப்பா, ஹௌது” என்று கன்னடத்தில் ஆமோதித்தார். பஸ் பூராவும் ஒரே வாக்குமூலம்!

எனக்கு அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. பஸ்ஸின் முன்பக்கம் சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றுவோம். காலம் நாற்பது நிமிஷத்தை விட்டுத் தாண்டிக் குதித்தால், ஊதுபத்தியும் கூடவே தாண்டியிருக்க வேண்டும், எரிந்திருக்கக் கூடாது. தினமும் பாகலூரில் புதுசாக ஒன்று ஏற்றி வைத்தேன். மூன்றாவது தடவை வழுக்கியது. கண்ணைத் திறந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தேன். குச்சி மட்டும் மிச்சம், அடியில் சாம்பல்.

“அண்ணா! ஊதுபத்தி எரிஞ்சி போயிருக்குது! அதுக்கு நேரம் ஓடியிருக்குது. எனக்கு மட்டும் எப்பிடி ஓடல?”

ஸ்பானர் அண்ணன் முதல் தடவையாகத் திணறினார். தலையைச் சொறிந்தார். சாமி படத்தைப் பார்த்தார். “நெருப்பு வழுக்காது தம்பி. தண்ணிதான் வழுக்கும்” என்றார். அன்று ராத்திரி நான் தூங்கவே இல்லை.

இதற்குள் சங்கதி முதலாளி காதுக்குப் போய்விட்டது. பஸ் தாமதமானால் டிரிப் ஷீட்டில் காரணம் எழுத வேண்டும். “காலம் வழுக்குனதுக்கு இதுல கட்டம் போடல, பஞ்சர்னு எழுது” என்று முதல் இரண்டு தடவையும் ஸ்பானர் அண்ணன் எழுத வைத்திருந்தார். ஷெட் மெக்கானிக் டயரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒட்டுப் போட்ட அடையாளமே இல்லை என்று சொல்லிவிட்டார். மூன்றாவது தடவை பஸ்ஸில் இருந்த ஒரு கோர்ட் குமாஸ்தா, கோர்ட்டுக்குப் போகத் தாமதமாயிற்று என்று முதலாளிக்கு மனு எழுதிப் போட்டுவிட்டார்.

விசாரணை ஷெட் ஆபீஸில் நடந்தது. முதலாளிக்குப் பின்னால் சுவரில் அவருடைய மாமனார் கொடுத்த பெண்டுலம் கடிகாரம். முதலாளிக்கு மாமனாரைப் பிடிக்காது, கடிகாரம் என்றால் உயிர்.

“தூங்கிட்டயா?” என்றார் முதலாளி, ஸ்பானர் அண்ணனைப் பார்த்து.

“தூங்கலீங்க.”

“அத்திப்பள்ளி பக்கம் போயிட்டு வந்தயா?” அந்த நாளில் எங்கள் பக்கம் மதுவிலக்கு, எல்லைக்கு அந்தப் பக்கம் அப்படி இல்லை. அதனால் அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான்.

“தொட்டதே இல்லீங்க. காலம் வழுக்கிருச்சி.”

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இந்தக் கதைக்குச் சாட்சி இருந்தாச் சொல்லு. இல்லன்னா நாளைலேர்ந்து வண்டியத் தொடாத.”

நான் பயந்தாங்கொள்ளிதான். ஆனாலும் உண்மையை அனுபவித்தவன் நான் ஒருத்தன் இருக்கும்போது அவர் வேலை போகலாமா? முன்னால் போய் நின்றேன். “சாட்சி நான்தாங்க. எனக்கும் வழுக்கிச்சி. மூணு தரமும்! கட்டு எண்ணிக்கினு இருந்தேன், அப்பறம் ஒண்ணும் தெரியல. கண்ணத் தொறந்தா சட்டை நனஞ்சி, கையில...”

“வாய மூட்றா!”

ஸ்பானர் அண்ணன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. “அவன் பேச்சக் கேக்காதீங்க மொதலாளி! அவனுக்கு ஒண்ணுமே ஆவல! எனக்காவப் பொய் சொல்றான். வழுக்கறது நான் ஒருத்தன்தான். பாருங்க, இப்பக்கூட வழுக்குது! பாருங்க, பாருங்க!” என்று ஸ்பானரை ஓங்கி, மாமனார் கடிகாரத்தின் முகத்தில் ஒரே போடு போட்டார். பெண்டுலம் உருண்டு வந்து முதலாளியின் செருப்பில் முட்டி நின்றது.

அதற்குப் பிறகு யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. “காக்கிச் சட்டையக் கழட்டு” என்றார் முதலாளி. ஸ்பானர் அண்ணன் கழற்றி, நிதானமாக மடித்து மேஜைமேல் வைத்தார். ஸ்பானரை என் கையில் திணித்தார். “வண்டியிலயே வெச்சிக்க. கைக்கு எட்டற எடத்துல” என்று சொல்லிவிட்டுப் பனியனோடு வெயிலில் நடந்து போனார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. காப்பாற்றப் போனவனைப் பொய்யன் என்றா சொல்வது? மறுநாள் புது டிரைவர். எல்லம்மாக்கா ஏறியதும் ஏறாததுமாக அக்காவிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“ஏம்ப்பா, நெசமாவே உனக்கு ஒண்ணும் தெரியாதா? வழுக்கவும் இல்ல, கிழுக்கவும் இல்ல. உனக்கு வலிப்பு! மொத நாளு படியிலேர்ந்து வெளிய விழப் போன. அந்தாளு வண்டிய நிறுத்திட்டு ஓடியாந்து புடிச்சான். மரத்தடியில உன் தலையத் தன் மடியில வெச்சிக்கினு, கையில இரும்பக் குடுத்து, மூஞ்சியில தண்ணி தெளிச்சித் தொடச்சி, துண்டால விசிறிக்கினே உக்காந்திருந்தான். நீ தெளியற வரைக்கும் வண்டி நவுரல. ‘வெளிய தெரிஞ்சா பையனுக்கு வேலயும் போச்சி, மத்தூர்ப் பொண்ணும் போச்சி’ன்னு சொல்லி, எங்க ஒவ்வொருத்தரையும் ஸ்டீரிங் மேல கை வெச்சி சத்தியம் பண்ண வெச்சான். நேத்து ஆபீஸ்ல நீயே போயி ஒளறப் பாத்தியாம்!”

“அப்ப, அவருக்கு அடிக்கடி வழுக்கும்னு சொன்னாரே, அந்தக் கதையெல்லாம்?”

“எந்தக் கதை? ஏழு வருசமா அந்தாளு வண்டியில வர்றேன். ‘ஏறு’, ‘எறங்கு’. ரெண்டே பேச்சு. நீ விழுந்தியே, அதுக்கப்பறம்தான் இந்த வாயெல்லாம். கையில ஸ்பானரும் அதுக்கப்பறம்தான்.”

வலிப்பு வந்தவன் கையில் இரும்பு கொடுப்பார்கள் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். எப்போதும் ஸ்பானரோடு திரிகிற ஒரு மனிதர் அதைக் கொடுத்ததால்தான் எனக்குச் சந்தேகம் வரவில்லை. சந்தேகம் வரக் கூடாது என்பதற்காகவே அதைக் கோயில் வரைக்கும் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார். பஸ் பூராவும் பார்த்துக்கொண்டிருக்க, கொத்தமல்லிக் கூடைமேல் தலையைச் சாய்த்து அழுதேன்.

அன்றைக்கே முதலாளியிடம் போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். மூன்று வாரம் பயந்து கிடந்தேன் என்பதுதான் நிஜம். பிறகு போய்ச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் சுவரில் வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை பஸ்ஸிலிருந்து இறக்கி புக்கிங் ஆபீஸில் உட்கார வைத்தார். மத்தூரில் பெண்ணிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் எல்லாம் தெரிந்துதான் கழுத்தை நீட்டினாள். பெங்களூரில் பெரிய டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கையில் இரும்பு கொடுப்பதெல்லாம் ஒன்றுக்கும் உதவாது என்றார். அவருக்கு எங்கள் ஸ்பானர் அண்ணனைத் தெரியாது.

அண்ணன் அதற்குள் எல்லை தாண்டி, மாலூரில் ஓடு ஏற்றுகிற லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பைத்தியம் என்று பெயர் வாங்கியவருக்கு எங்கள் பக்கம் யார் ஸ்டீரிங் கொடுப்பார்கள்? தேடிக்கொண்டு போனேன். என்னைப் பார்த்ததும் ‘வா’ என்றுகூடச் சொல்லவில்லை. முதல் காரியமாகத் தோளைப் பிடித்து, லாரிச் சக்கரத்துப் பக்கத்திலிருந்து நகர்த்தி, சமமான தரையில் உட்கார வைத்தார்.

“இப்பவும் வழுக்குதா?”

“இல்லண்ணா. மாத்திரை சாப்புடறேன்.”

“காலத்துக்கே மாத்திரை கண்டுபுடிச்சிட்டானுங்களா! கெட்டிக்காரப் பசங்க.”

“அண்ணா, எல்லம்மாக்கா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க.”

“அவங்களுக்கு என்னா தெரியும்? அவங்க அப்ப முந்தாநாள்ல இல்ல இருந்தாங்க?”

“மொதலாளி உங்கள வேலைக்கு வரச் சொன்னாருண்ணா.”

“வந்தா, வழுக்கலன்னு சொல்லச் சொல்லுவாரு. வழுக்குனது வழுக்குனதுதான்” என்று எழுந்து லாரியில் ஏறிவிட்டார். கடைசி வரைக்கும் ஒத்துக்கொள்ளவே இல்லை.

காலம் வழுக்குமா, வழுக்கினால் அதை நிரூபிக்க முடியுமா என்று இப்போது யார் யாரோ என்னிடம் கேட்கிறார்கள். நோட்டுப் போட்டு, ஊதுபத்தி ஏற்றி, பரீட்சை செய்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மூன்று தடவை, தடவைக்கு நாற்பது நிமிஷம், மொத்தம் இரண்டு மணி நேரம் என் ஆயுளில் காணாமல் போனது. அந்த இரண்டு மணி நேரமும் நான் எங்கே இருந்தேன் என்பதற்கு ஒரு பஸ் நிறையச் சாட்சி இருக்கிறது. ஸ்பானர் அண்ணன் மடியில் இருந்தேன்.