பார்த்துட்டுத்தான் வந்தேன் சார்

"சார், ஸ்மார்ட் போர்டுல படம் தலைகீழா நிக்குது" என்று சரித்திர டீச்சர் வந்து நின்றபோது, கம்ப்யூட்டர் சார் பையைத் தோளில் மாட்டியாகிவிட்டது. கடைசி மணியும் அடித்தாகிவிட்டது. மாட்டிய பையைக் கழற்றி வைத்தார். வேறென்ன செய்வார்?

வீட்டு வாசலில் அவர் மனைவி நர்ஸ் உடுப்போடு, இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள். அவளுக்குச் சாயங்கால ஷிப்ட். இவர் வந்து குழந்தையை வாங்கினால்தான் அவள் கிளம்ப முடியும்.

"இன்னும் ஒரு தடவை லேட்டாப் போனா பிரசவ வார்டுலேர்ந்து தூக்கிடுவாங்களாம். எவ்வளவு கெஞ்சி வாங்கின இடம்! ஊருக்கெல்லாம் உபகாரம் பண்ணுங்க, வேணாங்கல. எனக்கு மட்டும் ஏங்க உபத்திரவம்?"

அவள் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. குரல் உடைந்துவிட்டது. மனுஷனுக்கு மனசு கேட்கவில்லை.

ஆள் என்னவோ கெட்டிக்காரர்தான். பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர்களில் பிள்ளைகள் விளையாட்டும் வம்பும் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், கண்ட கண்ட தளங்களையெல்லாம் ஒரே நாளில் இழுத்துப் பூட்டித் தலைமை ஆசிரியையிடம் சபாஷ் வாங்கியவர். "முடியாது" என்ற ஒரு வார்த்தைதான் அவர் வாயில் வராது.

அதற்குத்தான் வலைப்பூ. விடுமுறையில் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, படம் தலைகீழானால் என்ன செய்வது, சத்தம் வராவிட்டால் எங்கே அமுக்குவது என்று அம்புக்குறி போட்டு, நடுநடுவே ஜோக்கும் போட்டுப் பக்கம் பக்கமாக எழுதினார்.

"இனிமே எந்தச் சந்தேகம்னாலும் முதல்ல என் பிளாக்கைப் பாருங்க" என்று ஆசிரியர் அறையில் அறிவித்தார். "எல்லாம் அதுல இருக்கு."

அன்றைக்கே சரித்திர டீச்சர் வந்தார்.

"பிளாக் பார்த்தீங்களா டீச்சர்?"

"பார்த்துட்டுத்தான் வந்தேன் சார்."

"அதுல போட்டிருக்கபடி செய்யலையா?"

"அதுல போட்டிருக்கபடியேதானே சார் செஞ்சேன்!" என்றார் டீச்சர் பாவமாக.

நம் எழுத்துதான் புரியவில்லை போலிருக்கிறது என்று சார் நொந்துகொண்டார். வீட்டுக்குப் போய், குழந்தைக்குப் பால் புகட்டிக்கொண்டே அத்தனையையும் எளிமையாகத் திருத்தி எழுதினார். மறுநாள் சரித்திர டீச்சரோடு ஓவிய மாஸ்டரும் வந்தார்.

யாரும் முகவரியைச் சரியாக அடிக்கவில்லையோ என்னவோ என்று, ஆசிரியர் அறைக் கம்ப்யூட்டரில் தொட்டால் திறக்கிற மாதிரி வைக்க ஏற்பாடு செய்தார். வந்தது வினை. அதுவரை ஒரு சந்தேகமும் கேட்டறியாத விளையாட்டு மாஸ்டர்கூட விசிலோடு வந்து நின்றார்.

கடைசியில் தலைமை ஆசிரியையிடமே போய் அழாத குறையாகச் சொன்னார். அந்த அம்மாள் உடனே உத்தரவு போட்டார்: "எல்லாரும் கட்டாயம் பிளாக்கைப் பார்க்கணும். அதுல சொல்லியிருக்கறதை அப்படியே செய்யணும்."

அன்று சாயங்காலம் கம்ப்யூட்டர் அறை வாசலில் ஒரு வரிசையே நின்றது. பள்ளிக்கூடமே திரண்டு வந்த மாதிரி இருந்தது.

"உங்க பிளாக் பிரமாதம் சார்" என்றார் கணக்கு சார், வரிசையிலிருந்து எட்டிப் பார்த்து. "வளவளன்னு இல்லாம, நறுக்குனு ஒரே வரி!"

மாய்ந்து மாய்ந்து எழுதியவருக்கு அது சுருக்கென்று தைத்தது. நேரே ஆசிரியர் அறைக்குப் போய், கம்ப்யூட்டர் ஒயரைச் சரிபார்க்க மேஜைக்கு அடியில் புகுந்தார். வரிசையும் பின்னாலேயே வந்தது.

அப்போதுதான் உடுப்போடும் குழந்தையோடும் அவர் மனைவி உள்ளே வந்தாள். சண்டைக்குத்தான் வந்தாள். மேஜைக்கு அடியிலிருந்து தூசும் தும்புமாகத் தலையை நீட்டிய கணவனைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் பாதியாகிவிட்டது.

"பிடிங்க" என்று குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். "ராத்திரி பகலா எழுதினீங்களே, இவங்கள்ல ஒருத்தர்கூடவா படிக்கல?"

"ஐயோ, எல்லாரும் படிச்சாச்சும்மா!" என்று வரிசை மொத்தமும் ஒரே குரலில் சொன்னது. சரித்திர டீச்சர் ஒரு படி மேலே போய், வலைப்பூவைத் தொட்டுத் திறந்தே காட்டினார்.

அவள் குனிந்து, திரையில் இருந்ததை எழுத்து விடாமல் வாசித்தாள்:

"'இந்தத் தளம் பூட்டப்பட்டுள்ளது. எந்த உதவிக்கும் கம்ப்யூட்டர் சாரை நேரில் பார்க்கவும்'னு போட்டிருக்கு... ஏங்க, இதைப் பூட்டின புண்ணியவான் யாருங்க?"