வெனிங் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டதற்கு

பந்துல், யோக்யகர்த்தா
மழைக்காலம், வெள்ளிக்கிழமை

மரியாதைக்குரிய முர்தினி அக்காவுக்கு,

தம்பி சர்வோகோ ஸலாம் சொல்லி எழுதுகிறேன். ஆண்டவன் கருணையால் இங்கே நானும் என் சம்சாரம் குஸ்தியாவும் மகளும் சுகம். கூரை மட்டும் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. புர்வோகெர்த்தோவில் உங்கள் முழங்கால் வலி குறைந்து, அத்தானின் இருமலும் அடங்கியிருக்க வேண்டுமென்று தினமும் கேட்டுக்கொள்கிறோம். வாட்ஸ்அப்பில் வந்தால் இரண்டு வரிக்கு மேல் படிக்க மாட்டேன் என்று நீங்கள் சொல்லிவிட்டதால் தாளில் எழுதுகிறேன்.

ரஹாயு அம்மா தன் மகனுக்கு நம் வெனிங்கைக் கேட்பதும், பையன் குடிநீர் வாரியத்தில் என்ஜினியர் என்பதும், "பெண் என்ன வேலை பார்க்கிறாள்?" என்று அவர்கள் கேட்டதற்கு ஒரே வரியில் பதில் எழுதி அனுப்பு என்று நீங்கள் கட்டளை போட்டதும் எல்லாம் சரி. ஆனால் அந்த ஒரு வரிக்காக நான் ஐந்து வாரமாக அலைந்துகொண்டிருக்கிறேன் அக்கா. முதலில் அவளையே கேட்டேன். "வரையறேன், அழிக்கறேன், அதை வீடியோ எடுக்கறேன்"னு சொன்னாள். எதற்கு அழிக்கிறாய் என்றேன். "மறுபடி வரையத்தான்" என்றாள். குஸ்தியாவோ, "பேசாம டீச்சர்னு எழுதிடுங்க, எந்த ஸ்கூல்னு கேட்டா வேலை ஆர்டர் இன்னும் வரலைன்னு சொல்லிக்கலாம்" என்கிறாள். முப்பத்திரண்டு வருஷம் நில அளவை அலுவலகத்தில் இருந்தவன் நான். இல்லாததை இருப்பதாக ஒரு தாளிலும் எழுதியதில்லை.

ஓவியக் கல்லூரியில் அவள் ஆறு வருஷம் படித்தது உங்களுக்குத் தெரியும். வெளியே வந்ததும் வீட்டுக் கொல்லையில் துணி காயும் கொடியைக் கரித்துண்டால் வரைந்தாள். நன்றாக இருந்தது, என் லுங்கி கூட அடையாளம் தெரிந்தது. மறுநாள் பார்த்தால் அதை அழித்துவிட்டு அதே தாளில் அன்றைய துணிகளை வரைந்துகொண்டிருக்கிறாள். இப்படி நானூறு நாள், ஒரே தாள், ஒவ்வொரு நாளும் ஒரு போட்டோ. எல்லாவற்றையும் ஒட்டி ஓடவிட்டால் ஆறு நிமிஷப் படம், துணிகள் தானாக வந்து தானாகப் போகின்றன. அதற்கு ஜகார்த்தாவில் பரிசு கொடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், வட்டத் தலைவரைக் கூப்பிட்டு, பரிசு வாங்கிய ஓவியத்தை வந்து பாருங்கள் என்றேன். அவர் புது பாத்திக் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நானூறு தடவை அழித்ததில் தாளின் நடுவே கையளவு ஓட்டை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உங்க வீட்ல இந்தப் பக்கமும் ஒழுகுதா?" என்று கேட்டார். அவள் சிரித்தாள் அக்கா, எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பிறகு மணிலாவுக்கு மூன்று மாதம் போனாள், படகுப் பயணிகளை வரையப் போவதாகச் சொல்லி. ஒன்பது மணி நேர வீடியோ கொண்டுவந்தாள், ஒரு ஓவியம்கூட இல்லை. அதில் படகில் எல்லாரும் தூங்குகிறார்கள். நானும் பார்க்க உட்கார்ந்து தூங்கிவிட்டேன். "சரியாத்தான் பாத்திருக்கீங்க அப்பா" என்றாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒருநாள் வெனிங் வந்து, "அப்பா, ஸ்கேல் இல்லாம கையாலயே நேர்கோடு போடுவீங்களாமே, எனக்குப் போட்டுக் காட்டுங்க" என்றாள். அலுவலகத்தில் என் கைக்கோட்டுக்கு ஒரு பேர் உண்டு, அது உங்களுக்கும் தெரியும். உடனே குளித்து, தலை சீவி, இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்தேன். காமிராவைக் கைக்கு மேலே மட்டும் வைத்தாள். முகம் வேண்டாமா என்றேன், வேண்டாம் என்றாள், சீவின தலை வீண். பன்னிரண்டு கோடு போட்டேன், இருபத்திரண்டு நிமிஷம். வேலைத் திறமையைப் பதிவு செய்கிறாள் என்று நினைத்து, கண்காட்சித் திறப்புக்குப் பழைய அலுவலகத்து ஆறு பேரையும், ஜுமாகிர் உள்பட, நானே போன் போட்டு அழைத்தேன். ஜுமாகிர் யாரென்று நினைவிருக்கும். எனக்குக் கிடைக்க வேண்டிய பதவி உயர்வை எனக்கு மூன்று மாதம் முன்னால் வாங்கினவன்.

அக்கா, இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். போன கடிதத்தில் உன் எழுத்து ஏன் கோணலாக இருக்கிறது என்று கேட்டீர்கள், பேனா சரியில்லை என்று எழுதினேன். அது பொய். இரண்டு வருஷமாக என் வலது கை நடுங்குகிறது. யாரிடமும் சொல்லவில்லை, குஸ்தியாவிடமும். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடிப்பேன், குளிருது என்பேன். யோக்யாவில் என்ன குளிர்? கோடு போடும்போது மட்டும் நடுக்கம் நின்றுவிடும் என்று நம்பியிருந்தேன். திறப்பு நாளன்று கண்காட்சிக் கூடத்துக்குள் போனால் இருட்டு, எதிரே முழுச் சுவர், அதில் நாலு மீட்டர் உயரத்துக்கு என் கை. ஒவ்வொரு விரலும் வாழைமரம் மாதிரி. அது நடுங்குகிறது அக்கா. பென்சில் முனை தாளைத் தொடுவதற்கு முன்னால் இப்படியும் அப்படியும் தேடுகிறது. ஆறு பேரும் என் பக்கத்தில் வரிசையாக நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். நான் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் வெளியே வந்து, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பின்னாலேயே அவள் வந்தாள். "என்னை ஊர் பூரா நடுங்க வெச்சிட்டியே" என்று கத்தினேன். "தப்புதான் அப்பா. முன்னாடியே கேட்டிருக்கணும். நிறுத்திடறேன்" என்றாள். மறுநாளே வீடியோவை நிறுத்திவிட்டாள்.

அதற்கப்புறம் பத்து நாள் இரண்டு பேரும் பேசவில்லை. சாப்பாட்டு மேஜையில் தெம்பே பொரியல் கேட்பதற்குக்கூட குஸ்தியா நடுவில் நின்று மொழிபெயர்த்தாள். கடைசியில் குஸ்தியாதான் பொறுக்க மாட்டாமல் போட்டு உடைத்தாள்: "கொரியாவுல பெரிய மியூசியம் ஒண்ணு அந்த வீடியோவைத்தான் கேட்டிருக்கு, தெரியுமா உங்களுக்கு? ஏழு வருஷத்துல முதல் தடவையா இவ்ளோ பெரிய இடம். அப்பாவுக்கு இஷ்டமில்லை, குடுக்க முடியாதுன்னு எழுதிட்டா." நான் எழுந்து கொல்லைக்குப் போய் நின்றேன். எனக்கு அப்போது கோபமா வருத்தமா என்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. அவள் என்னிடம் ஒரு வார்த்தை கெஞ்சியிருந்தால் முடியாது என்று கம்பீரமாகச் சொல்லியிருப்பேன். அவள் கெஞ்சவேயில்லை, நான் என்ன செய்வேன்?

அடுத்த நாள் ஜுமாகிர் வாசலில் வந்து நிற்கிறான். துக்கம் விசாரிக்க வந்திருக்கிறான் என்று நினைத்து விறைப்பாக உட்கார்ந்தேன். அவன் வந்ததும் வராததுமாக, "ஏய் சர்வோகோ, என் சம்சாரத்தைக் கூட்டிட்டுப் போனா வீடியோ இல்லைங்கறாங்க. எதுக்கு நிறுத்தின?" என்றான். என் கையைப் பார்த்தாயா என்றேன். "கையை யாருடா பாத்தா? கோட்டைப் பாத்தோம். நாங்க ஆறு பேரும் டீக்கடையில உக்காந்து ஒரு மணி நேரம் சண்டை. உன் ஏழாவது கோடு நேர் இல்ல." எனக்குச் சுரீரென்றது. நேர்தான் என்றேன். "அதையே உன் பொண்ணு கரியில பெரிசா வரைஞ்சு மாட்டியிருக்கா, எட்டு மீட்டர் காகிதம். நீதான் ஓடிட்டியே, எங்க பாத்திருப்ப? ரெண்டு மீட்டர் தாண்டினதும் வளையுது. ஒண்ணு நீ தப்பா போட்டிருக்கணும், இல்ல அவ தப்பா காப்பி பண்ணியிருக்கணும். எப்படிப் பாத்தாலும் உன் குடும்பம்தான்" என்று சொல்லிவிட்டு, குஸ்தியா கொடுத்த டீயைச் சக்கரை போதாது என்று திருப்பிக் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்.

சும்மா இருக்க முடியுமா? அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கறுப்பாக ஒரே கோடு. பக்கத்தில் கண்ணாடிக்குள் நான் போட்ட தாள், நாற்பது சென்டிமீட்டர். ஆக இருபது மடங்கு. என் தாளில் ஏழாவது கோட்டின் பதினோராம் சென்டிமீட்டரில் இரண்டு மில்லிமீட்டர் விலகல் இருந்தது. அப்படியானால் இங்கே இரண்டு மீட்டர் இருபதில் நாலு சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு நாடாவை நீட்டினேன். காவல் பெண் ஓடிவந்தாள். "ஐயா, தள்ளி நில்லுங்க, தொடக் கூடாது!" "அம்மா, இந்தக் கோடு என்னோடது." "இங்க வர்ற பாதிப் பேரு அப்படித்தான் சொல்றாங்க ஐயா, என்னைப் பத்தியே வரைஞ்ச மாதிரி இருக்குன்னு அழுவாங்க. ஆனா யாரும் நாடா கொண்டுவரல." அவளிடம் என் ஓய்வூதிய அட்டையைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து வெனிங் வந்துவிட்டாள். காவல் பெண்தான் போன் போட்டிருக்க வேண்டும். வெனிங் கோட்டின் ஆரம்பத்தில் போய் உட்கார்ந்து, நாடாவின் பூஜ்ய நுனியைத் தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவோ பேர் எனக்கு நுனி பிடித்திருக்கிறார்கள் அக்கா, ஒருத்தரும் இப்படி அசையாமல் பிடித்ததில்லை.

இரண்டு மணி நேரம் அளந்தோம். அறுபத்தேழு இடத்தில் பார்த்தேன். ஓரிடத்தில்கூட ஒரு மில்லிமீட்டர் பிசகவில்லை. என் கை துள்ளின இடத்தில் துள்ளியிருக்கிறது, தயங்கின இடத்தில் தயங்கியிருக்கிறது, இரண்டு மீட்டர் இருபதில் நாலு சென்டிமீட்டர். (ஆகையால் அந்த வளைவு என்னுடையது. ஜுமாகிரிடம் நான் சொல்லவில்லை. நீங்களும் யாரிடமும் சொல்லிவிட வேண்டாம்.) இதை வரைய எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டேன். மூன்று மாதம் என்றாள். எதற்கு இத்தனை பாடு என்றேன். நுனியை விடாமலே சொன்னாள்: "நீங்க ரெண்டு கையால டீ குடிக்கறதைப் பாத்துட்டேன் அப்பா. ரொம்ப பயமா இருந்தது. ராத்திரியெல்லாம் அதே நெனப்பு. அளந்து பாத்தேன். அளந்தா பயம் கொறையுது. நாலு சென்டிமீட்டர், அவ்வளவுதானே?" அவ்வளவுதான் என்றேன். நாடாவைச் சுருட்ட முடியாமல் கை ஆடியது, அவளே வாங்கிச் சுருட்டினாள்.

கொரியாவுக்குக் கொடு என்று சொல்லிவிட்டேன். ஒரே நிபந்தனை: அவள் அதற்கு 'அப்பா' என்று பெயர் வைத்திருந்தாள், அப்பா என்றால் யாருக்கு வேண்டுமானாலும் அப்பா, 'சர்வோகோ, முதல்நிலை நில அளவையாளர் (ஓய்வு)' என்று போட வேண்டும் என்றேன். "சுவத்துல எடம் பத்தாதே" என்றாள். பிறகு போட்டுவிட்டாள். மறுவாரம் டாக்டரிடமும் போனோம், மாத்திரை கொடுத்திருக்கிறார், காலையில் அரை, மாலையில் அரை. பயப்படும்படி எதுவும் இல்லையாம். நீங்களும் கவலைப்பட வேண்டாம்.

ஆக ஐந்து வாரத்துக்குப் பிறகு அந்த ஒரு வரி கிடைத்துவிட்டது. ரஹாயு அம்மாவிடம் தயங்காமல் சொல்லுங்கள்: பெண் அளவெடுத்து வரைகிறாள், வரைவதை வீடியோவில் பதிவு செய்கிறாள், குடும்பத் தொழில்தான், பிசகே கிடையாது. ஏழு வருஷமாக அதே வேலையில் உறுதியாக இருக்கிறாள். என்ஜினியர் பையனுக்கு இது கட்டாயம் புரியும். பெருநாள் கழிந்ததும் அவர்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், குஸ்தியா பலாக்காய் குடெக் சமைத்து வைப்பாள்.

அத்தானுக்கு என் ஸலாம். பிள்ளைகளுக்கு எங்கள் துஆ. உங்கள் கையை நெற்றியில் ஒற்றிக்கொண்டு விடைபெறும்,

கீழ்ப்படிதலுள்ள தம்பி
சர்வோகோ

பி.கு.: உறைக்குள் போடுமுன் வெனிங் இதை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "எல்லாம் சரிதான் அப்பா, ஆனா நான் வரையறதை விட்டுட்டேனே. வீடியோவும் விட்டாச்சு. கொரியாவுக்குப் போறதுதான் கடைசி" என்கிறாள். இனி என்ன வேலை என்று கேட்டேன். "இனிமே கேக்கறதுதான்." யாரிடம் கேட்பாய், என்ன கேட்பாய் என்றேன். "யார்கிட்டயும் இல்ல, சத்தம் கேக்கறது" என்றாள். எனக்குப் புரியவில்லை, ரஹாயு அம்மாவுக்கு எப்படிப் புரியும்? மேலே எழுதியது எதையும் அவரிடம் சொல்ல வேண்டாம். கல்யாணத்தைப் பற்றி உன் அபிப்பிராயம் என்ன என்று இதோ இப்போதே கேட்டேன். "ஷ்ஷ், பேசாதீங்க, எழுதுங்க" என்று என் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு மைக்கைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். நடுங்குகிற பேனா தாளில் ஓடும் சத்தம் மழை தூறுகிற மாதிரி இருக்கிறதாம். நிறுத்தக் கூடாதாம், இன்னும் நாலு வரி வேண்டுமாம். என்ன எழுதுவதென்று தெரியவில்லை அக்கா. இங்கே நாங்கள் சுகம். அங்கே எல்லாரும் சுகமா? நாங்கள் சுகம். நாங்கள் மிகவும் சுகம். இன்னும் ஒரு வரி என்கிறாள்.